காசுக்கு இரட்டைப் பிறவி கிடையாது

பழங்காசு: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: "கையில் இருப்பது அசலா, போலியா?" அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கும்பகோணத்துக்காரன். 31 வருடம் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்தேன். பகலெல்லாம் உரைகல், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் லென்ஸும் சோழக்காசும். இப்போது உரைகல் ஓய்வெடுக்கிறது. காசு மட்டும் விடவில்லை.

என் மாமனார் காலத்து வெண்கலச் செம்பு ஒன்றில் ஒரு ராஜராஜன் காசு கிடந்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு என் மகன் இணையத்தில் இன்னும் ஐந்து காசுகள் 1500 ரூபாய்க்கு வாங்கினான். ஐந்தும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கின்றன. மாமனார் காசுதான் கோணலாக இருக்கிறது. "ஒரே மாதிரி இருந்தால்தான் அசல், ராஜாங்க அச்சு ஆயிற்றே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரிதானா? (வாசகி, திருவையாறு)

நேர்மாறு அம்மா. ஒன்று போலவே இருப்பதுதான் முதல் சந்தேகம்.

ராஜராஜன் காலத்தில், அதாவது 985க்கும் 1014க்கும் இடையில், காசு எப்படிச் செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் செப்பு வில்லை, மேலிருந்து சுத்தியல் அடி. வில்லையைக் கையால்தான் செய்தார்கள். ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் தடிப்பு, ஒன்று நீள்வட்டம். வில்லையை வைக்கும்போது ஒரு தடவை இடது பக்கம் நகரும், ஒரு தடவை வலது பக்கம் நகரும். அடி பலமாக விழுந்தால் ஓரம் வெடிக்கும். அச்சு ஒன்றுதான், ஆனால் காசு ஒவ்வொன்றும் தனி. ஒரே கல்லில், ஒரே கரண்டியால் ஊற்றினாலும் இரண்டு தோசையின் ஓரம் ஒன்றாக வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மகன் வாங்கிய ஐந்திலும், கடிகாரத்தில் நாலு மணி வரும் இடத்தில் ஒரு ஓர வெடிப்பு இருக்கிறது. ஐந்து வெடிப்பும் ஒரே நீளம், ஒரே வளைவு. உட்கார்ந்திருக்கும் உருவத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கட்டி, அதுவும் ஐந்திலும். அச்சில் இருக்கும் குறை எல்லாக் காசிலும் வரலாம். ஆனால் ஓர வெடிப்பு அச்சில் இருப்பதில்லை. அந்த ஒரு வில்லையில், அந்த ஒரு அடியில் உண்டாவது. அது ஐந்து காசில் திரும்ப வருகிறது என்றால், ஒரு காசை அச்செடுத்து ஐந்தாக வார்த்திருக்கிறார்கள் என்றே பொருள். எந்தக் காசில் முதலில் வெடித்ததோ அது அசலாகவே இருந்திருக்கலாம். இந்த ஐந்தும் அதன் வார்ப்புகள்.

மாமனார் காசு கோணல் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஸ்ரீ" என்ற எழுத்தில் பாதி வெளியே போய்விட்டது, நிற்கும் உருவத்தின் தலை ஓரத்தை இடிக்கிறது. எனக்கு அதைப் பார்க்கத்தான் மனம் குளிர்ந்தது. படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, நேரில் கொண்டுவந்தால் நிறுத்துப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

லென்ஸ் இருந்தால் நீங்களே பார்க்கலாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வார்த்த காசின் முகத்தில் இட்லி மேல் தெரிவது போல் பொடிப்பொடிக் குழிகள் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: மண்ணில் கிடந்த அசல் காசிலும் அரிப்புக் குழி உண்டு. வித்தியாசம் என்ன என்றால், அரிப்புக் குழி ஒழுங்கில்லாமல், கரை கூர்மையாக இருக்கும். வார்ப்புக் குழி உருண்டையாக இருக்கும். குழியை விட முக்கியமானது மேடு. கருவில், அதாவது உலோகத்தை ஊற்றும் அச்சில், காற்றுக்குமிழி இருந்த இடத்தில் உலோகம் போய் நிரம்பி, காசின் முகத்தில் ஊசிமுனை அளவு உருண்டை மணியாக நிற்கும். சுத்தியலில் அடித்த காசில் அப்படி மணி வருவது மிக அரிது. ஒரு மணி கண்டாலும் காசைக் கீழே வைத்துவிடலாம். அப்புறம் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: இரண்டு கரு சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு, அல்லது அந்தக் கோட்டை மறைக்க அரம் போட்ட தடம்.

இதெல்லாம் பழைய மண் வார்ப்புக்குச் சரி. இப்போது நகைப் பட்டறைகளில் ரப்பர் மோல்டும் வேக்குவம் காஸ்டிங்கும் வந்துவிட்டன. அதில் குழி, மணி, கோடு எதுவும் இல்லாமல் சுத்தமாக வரும். அங்கே உதவுவது அளவுதான். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே வார்த்த நகல் தன் தாய்க் காசைவிட ஒரு இழை சிறிதாக இருக்கும், எழுத்தின் கரை மழுங்கியிருக்கும். வார்க்காமல், அசல் காசிலிருந்து அச்சே செய்து அடிக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் தாய்க் காசின் தேய்மானமும் சேர்ந்தே அச்சில் ஏறிவிடும். முகம் தேய்ந்திருக்கும், ஆனால் தேய்ந்த இடத்திலும் புதுக்காசின் மினுமினுப்பு இருக்கும். பல கைகள் பட்டுத் தேய்ந்த காசுக்கும் தேய்மானத்தோடு பிறந்த காசுக்கும் தொட்டாலே வேறுபாடு தெரியும். கொஞ்ச நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

களிம்பையும் சொல்ல வேண்டும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் உயிரோடு ஒட்டியிருப்பதற்கு நெல்லில் உமி, செம்பில் களிம்பு என்று உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து யாரும் பூசியதில்லை. செம்போடு கூடவே இருப்பது. பழங்காசில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேலே பச்சை, அதன் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு படலம், அதற்கும் அடியில் செம்பு. பல நூறு வருடம் அடுக்கடுக்காக வளர்ந்தது; நகத்தால் சுரண்டினால் வராது. போலியில் பச்சை மட்டும் இருக்கும், அடியில் நேராகப் பளபளக்கும் செம்பு. பஞ்சில் அசிட்டோன், அதாவது நகப்பூச்சை அழிக்கும் திரவம், நனைத்து ஒற்றினால் பஞ்சு பச்சையாகிவிடும். உங்கள் மகனுடைய ஐந்தில் ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். மாமனார் காசில் வேண்டாம்.

இவ்வளவு அழுத்தமாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1996இல் திருச்சியில் ஒரு நாணயக் கண்காட்சியில் ராஜராஜனின் வெள்ளிக்காசு ஒன்றை 4200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். செப்புக்காசு ஏராளம், இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; வெள்ளி அபூர்வம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அது. வாங்கும் முன் உரைத்துப் பார்த்தேன். நல்ல வெள்ளி. எனக்குத் தெரிந்த சோதனையில் தேறியது, அதோடு நான் நின்றுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மதுரையில் ஒரு நண்பர் தன்னுடைய வெள்ளி ராஜராஜனைக் காட்டினார். வாங்கிப் பார்த்ததும் கை சில்லென்று ஆகிவிட்டது. நிற்கும் உருவத்தின் பாதத்துக்குக் கீழே ஒரு வெட்டுக்காயம், வலது ஓரத்தில் பிறை போல ஒரு நசுங்கல். என் காசில் இருக்கும் அதே காயம், அதே நசுங்கல். யாரோ ஒரு செப்புக்காசை அச்செடுத்து வெள்ளியில் வார்த்திருக்கிறார்கள். நண்பர் அதை வீசப் போனார். நான் வெள்ளி விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். இரண்டும் இன்றும் என் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புதிதாகக் காசு சேர்க்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்த ஜோடியைத்தான்.

தென்பெண்ணை மணலில் கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனதும் எல்லோரும் "புதுசு, போலி" என்கிறார்கள். (வாசகர், திருக்கோவிலூர்)

வருத்தமாக இருக்கிறது. குத்துவிளக்குக்குப் புளி நல்லது, காசுக்கு விஷம். ஆயிரம் வருடச் சாட்சியை ஐந்து நிமிடத்தில் கழுவி ஊற்றிவிட்டீர்கள். ஆனாலும் காசு போலியாகிவிடாது. எடை, விளிம்பு, எழுத்தின் கரை எல்லாம் அப்படியே இருக்கும். தெரிந்தவர் பார்த்தால் சொல்லிவிடலாம். இனிமேல் தண்ணீர், மெல்லிய துணி, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் இன்னொன்று: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு குடம் நிறையக் கிடைத்தால்தான் சொல்ல வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கங்கை கொண்ட சோழன்" தங்கக்காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நகைக்கடையில் கேரட் மீட்டரில் வைத்துக் காட்டினார்கள். நல்ல மாற்று. வாங்கலாமா? (வாசகர், பரமக்குடி)

என் வெள்ளிக்காசுக் கதையை மேலே படித்திருப்பீர்கள். அதே குழியில் நீங்கள் இறங்காமல் இருக்கத்தான் இந்தப் பதில்.

கேரட் மீட்டர் எதைச் சொல்கிறது? மேற்பரப்பில் எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு, எவ்வளவு வெள்ளி என்று சொல்கிறது. எந்த வருடம் அடித்தது என்று சொல்வதில்லை. தங்கத்துக்கு வயது கிடையாது. போன வாரம் உருக்கிய பழைய வளையலும் மீட்டரில் அதே எண்ணைக் காட்டும். அபூர்வமான தங்கக்காசைப் போலியாகச் செய்கிறவன் பித்தளையில் செய்ய மாட்டான். நல்ல தங்கத்தில்தான் செய்வான். உலோகத்துக்கு ஆகும் செலவைப் போல் பல மடங்கு விலையில் போட்டு எடுத்துவிடுவான்.

ராஜேந்திரனின் தங்கக்காசுகளைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் 1946இல் கோதாவரிக் கரையில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் தவளேஸ்வரத்தில் கிடைத்த புதையலால்தான். ராஜேந்திரன், முதலாம் குலோத்துங்கன், கீழைச் சாளுக்கிய ராஜராஜ நரேந்திரன் ஆகியோருடைய காசுகள் அதில் இருந்தன. மெல்லிய தகடு, நடுவில் புலி, மீன், வில், சுற்றிலும் எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி முளையால், அதாவது நுனியில் எழுத்து வெட்டிய சிறு உளியால், அடித்தது. இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். தனி முளையால் அடித்த எழுத்து ஒன்று கொஞ்சம் மேலே ஏறும், ஒன்று சாயும், ஒன்று ஆழமாக இறங்கும். ஒரே அச்சில் எல்லா எழுத்தையும் சேர்த்து அடித்த நகலில் எழுத்துகள் ஒரே ஆழத்தில் வரிசை கட்டி நிற்கும். உங்களுக்கு அனுப்பிய படத்தில் எழுத்துகள் அப்படித்தான் நிற்கின்றன. அது போதாதென்று நடுவில் இருக்கும் புலி, பள்ளிப் புத்தகத்தில் வரைந்த சோழர் கொடிப் புலியைப் போல வாய் பிளந்து பாய்கிறது.

பொதுவாகவே நம் பக்கத்துப் போலிகள் அழகால் மாட்டிக்கொள்ளும். ராஜராஜனின் செப்புக்காசில் இருக்கும் உருவம் நம் கண்ணுக்கு மரப்பாச்சி மாதிரிதான்: தலைக்கு ஒரு உருண்டை, கைகாலுக்குக் கோடு, பக்கத்தில் சில புள்ளிகள். காலண்டரில் இருக்கும் ராஜராஜனைப் போல மூக்கும் விழியுமாக ஒரு காசு வந்தால் அது இந்தக் காலத்துப் பட்டறையில் பிறந்தது. எழுத்தும் அப்படியே. அந்தச் செப்புக்காசில் "ஸ்ரீ ராஜராஜ" என்பது நாகரி எழுத்தில் இருக்கும். இன்றைய தமிழ் எழுத்தில் "ராஜராஜ சோழன்" என்று போட்ட காசை "ஆயிரம் வருடம்" என்று விற்கிறவரிடம் நான் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிடுவேன்.

தங்கம் வாங்குவதானால் ஒன்று மட்டும் கேளுங்கள்: இது இதற்கு முன் யார் கையில் இருந்தது? எந்த ஏலத்தில், எந்தப் பட்டியலில் படம் வந்திருக்கிறது? பதில் "எங்கள் பாட்டி வைத்திருந்தார்" என்று மட்டும் இருந்தால், தங்க விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இருக்கும் காசும் ராஜராஜன் காசைப் போலவே இருக்கிறது. ஆனால் எழுத்து வேறு. காட்டிய இடத்தில் "ராஜராஜன் காசுக்கு யாரோ செய்த போலி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தூக்கிப் போட்டுவிடவா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ஐயோ, போட்டுவிடாதீர்கள்! உங்கள் கடிதத்தோடு வந்த படத்தை மூன்று நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன்.

993 வாக்கில் சோழர் படை இலங்கைக்கு வந்தது. பொலன்னறுவை தலைநகர் ஆயிற்று. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினார். ஆட்சி போயிற்று, காசின் முகம் போகவில்லை. சனங்களுக்குப் பழகிய காசு அது. சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அதனால் பின்னால் வந்த சிங்கள அரசர்களும் அதே நிற்கும் உருவம், அதே உட்கார்ந்த உருவம் வைத்து, பெயரை மட்டும் மாற்றி அடித்தார்கள். பராக்கிரமபாகு அடித்தார், நிசங்கமல்லர் அடித்தார், லீலாவதி என்ற அரசியும் அடித்தார். எழுத்து அதே நாகரிதான்.

உங்கள் படத்தில் முதல் வரியில் "ஸ்ரீ" இருக்கிறது. அதற்குக் கீழே "ராஜ" என்று வந்து, அப்புறம் "லீ" என்ற எழுத்தின் மேல்வளைவு தெரிகிறது. "ஸ்ரீ ராஜ லீலாவதி". 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று தடவை அரியணை ஏறி மூன்று தடவை இறங்கிய பெண் அவர். தன் பெயரில் காசு அடித்த அரசிகள் நம் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அதைப் "போலி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் ஒரு அடிப்படை வேறுபாட்டைத் தவறவிட்டார். ஒரு அரசு இன்னொரு அரசின் காசைப் பார்த்துத் தன் பெயரில் அடிப்பது போலி இல்லை. அது தன் காலத்தில், தன் சந்தையில், தன் பெயரோடு நேர்மையாகச் செலவான காசு. உங்கள் காசு ஒரு எண்ணெய் விளக்கின் அடியில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடையுங்கள், போதும். எடையும் விட்டமும் எழுதி அனுப்பினால் நன்றி சொல்வேன்.

என் ஒன்பது வயது மகள் பூங்காவில் விளையாடும்போது ஒரு வெள்ளிக்காசு கண்டெடுத்தாள். "ஆஃபா ரெக்ஸ்" என்று எழுதியிருக்கிறது. 8ஆம் நூற்றாண்டு மன்னராமே! அவள் தரையில் நிற்கவில்லை. ஒரு ஓரத்தில் டபிள்யூ, ஆர், எல் என்று மூன்று பொடி எழுத்துகளும் இருக்கின்றன. (வாசகர், ஹாரோ, லண்டன்)

அந்த மூன்று எழுத்துதான் பதில். பிரிட்டனில் அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் நகல்களைச் செய்யும் ஒரு நிறுவனத்தின் குறி அது. பிள்ளைகள் வாங்குவார்கள், பையிலிருந்து புல்லில் விழும், பத்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளை எடுக்கும். மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிற பெரியவர்களுக்கும் அங்கே அடிக்கடி கிடைப்பதுண்டு. மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லும்போதே அந்தக் குறியை லென்ஸில் காட்டுங்கள். கண்டுபிடித்தது அவள்தான் என்று ஆகட்டும்.

அப்புறம் அவளைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அப்போது இருந்த மெர்சியா நாட்டு மன்னர் ஆஃபா 757 முதல் 796 வரை ஆண்டவர். அவருடைய வெள்ளிப் பென்னி தகடு போல மெல்லியது, ஒன்றே கால் கிராம் சுமார். அந்த மியூசியத்தின் சேகரிப்பில் அவருடைய தங்கக்காசு ஒன்று இருக்கிறது. பாக்தாத் கலீபா அல் மன்சூரின் தினாரைப் பார்த்து இங்கிலாந்தில் செய்தது. ஹிஜ்ரி 157 என்ற வருடம் முதற்கொண்டு அரபி எழுத்து அப்படியே இருக்கிறது. நடுவில் "ஆஃபா ரெக்ஸ்", அதாவது மன்னர் ஆஃபா, என்று லத்தீன் எழுத்து. அச்சு வெட்டியவருக்கு அரபி தெரியாது. அது வெறும் கோலம் என்று நினைத்திருக்க வேண்டும். அரபி நேராக இருந்தால் ஆஃபாவின் பெயர் தலைகீழாக நிற்கிறது! லீலாவதி காசுக்கு இது அண்ணன் முறை. இதையும் யாரும் போலி என்பதில்லை.

போலி என்றால் என்ன என்று அவள் கேட்டால் பெக்கர் கதையைச் சொல்லுங்கள். கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், ஜெர்மனிக்காரர், 1772இல் பிறந்து 1830இல் இறந்தவர். கிரேக்கம், ரோம், ஸ்பெயினை ஆண்ட விசிகோத் மன்னர்கள் என்று முன்னூறுக்கு மேற்பட்ட அச்சுகளைத் தன் கையாலேயே வெட்டியவர். புதுக்காசின் மினுமினுப்பைப் போக்க, இரும்புத்தூளும் கொழுப்பும் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு, தன் குதிரை வண்டியில் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றுவாராம். குலுங்கிக் குலுங்கிக் காசுகளுக்கு வயதாகிவிடும். விசிகோத் காசு சேர்க்கிறவர்கள் இருநூறு வருடம் கழித்து இன்றும் பெக்கர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள். அவருடைய அச்சுகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைத்திறமை தெய்வம் தந்தது போல இருந்தது அந்த மனிதருக்கு. ஆனால் அதை எந்தப் பெயரில் விற்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனது ஆறுவதில்லை.

1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு, ராமர் பட்டாபிஷேகம் உள்ளது, அரிசியை இழுக்கும் என்று ஒருவர் 2 லட்சம் கேட்கிறார்... (வாசகர், தருமபுரி)

கொடுக்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். கம்பெனி ராமர் படம் போட்டுக் காசு அடித்ததே இல்லை. இது பிற்காலத்தில் கோயில் கடைகளுக்காகச் செய்த வில்லை. அரிசியை எந்தக் காசும் இழுக்காது. "ரைஸ் புல்லிங்", இரிடியம் என்ற பெயரில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை அடகு வைத்து நின்றதை அடகுக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். இன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் பரம்பரையாக வார்ப்பு வேலை செய்கிறவர்கள். போன வருடம் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போட 300 ராஜராஜன் காசு செம்பில் செய்து கொடுத்தோம். அதில் சிலவற்றை யாரோ பழங்காசு என்று விற்றுவிட்டதாக இப்போது கேள்விப்படுகிறேன். தூக்கம் வரவில்லை. இனி இந்த வேலையே வேண்டாமா? (வாசகர், சுவாமிமலைப் பக்கம்)

இந்த மாதம் வந்ததிலேயே என்னை அதிகம் பாதித்த கடிதம் உங்களுடையது. வேலையை விடாதீர்கள். நகல் செய்வது தப்பில்லை. 2010இல் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருடம் ஆனபோது அரசாங்கமே 1000 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டது. ஊரெல்லாம் ஆசைப்பட்டது ராஜராஜன் காசு ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கத்தான். எல்லோருக்கும் அசல் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பயமில்லாமல் தடவிப் பார்க்க நகல்தான் வேண்டும்.

நகலுக்கு நகல் என்ற பெயர் காசிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையில் போட்ட சீட்டு மறுநாளே தொலைந்துபோகும். அமெரிக்காவில் 1973லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: பழங்காசு நகல் எதுவானாலும் "நகல்" என்ற சொல் அதன் மேலேயே அழியாமல் பொறித்திருக்க வேண்டும். நமக்கு யாரும் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே தொடங்கிவிடலாம்.

எப்படி என்று கேட்டால், என் யோசனை இது. குறியை விளிம்பில் வைக்காதீர்கள், இரண்டு இழுப்பு அரம் போட்டால் போய்விடும். முகத்தில் வையுங்கள், உருவத்துக்குப் பக்கத்திலேயே. மேடாக வேண்டாம், தேய்த்துவிடுவார்கள். நன்றாக ஆழமாகப் பள்ளமாக இருக்கட்டும். வார்த்த பிறகு வெட்டாமல், வார்ப்புக்கு முன் செய்யும் மெழுகு மாதிரியிலேயே வைத்துவிட்டால் ஒரு காசும் குறியில்லாமல் பட்டறையை விட்டுப் போகாது. அளவையும் மாற்றுங்கள். அசல் சுமார் 20 மில்லிமீட்டர், நான் நிறுத்தவை பெரும்பாலும் மூன்றரை முதல் நாலேகால் கிராம். நீங்கள் 26 மில்லிமீட்டரில் செய்தால் தராசு வைத்திருக்கிற யாரும் ஏமாற மாட்டார்கள். தாம்பூலப் பையிலும் பெரிதாக எடுப்பாக இருக்கும்.

கல்யாண வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விற்றவர் யார் என்று நீங்கள் தேட வேண்டாம். வாங்கியவர் யாராவது உங்களிடம் வந்தால், "ஆமாம், என் பட்டறைக் காசு" என்று அந்த 300இன் கருவை எடுத்துக் காட்டுங்கள். அதற்காகவே அந்தக் கருவை உடைக்காமல் வைத்திருங்கள்.

புது மெழுகு தயாரானதும் "நகல்" என்ற மூன்று எழுத்தை எந்த அளவில் வைப்பது என்று நான் வரைந்து அனுப்புகிறேன். முதல் வார்ப்பில் ஒரு காசை எனக்கு அனுப்புங்கள். எடை குறித்து, தேதி எழுதி, என் பெட்டியில் அந்த இரண்டு வெள்ளிக்காசுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.